பள்ளிக்கூடத்துக்கு வரும் வெளிநாட்டு விருந்தாளி

வெளிநாட்டார் நமது பள்ளிக்கூடங்களுக்கு வருவதும், தங்கள் தேசத்துப் பாட்டு, ஆட்டம், உடை, உணவு, பண்டிகை ஆகியவற்றை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் இப்போது ஒரு வழக்கமாகி வருகிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் பல தங்கள் பெயரோடு 'இண்டர்நேஷனல்' என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. விளம்பரத் தட்டியில் ஒரு வெள்ளைக்கார முகம் இருந்தால் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க வசதி. அரசுப் பள்ளிகளுக்கும் எப்போதாவது இப்படிப்பட்ட விருந்தாளிகள் வருகிறார்கள்.

இதைப் பற்றி உழைப்பாளிகளிடையே இரண்டு விதமான அபிப்பிராயங்கள் இருக்கின்றன. 'இதெல்லாம் ஏகாதிபத்தியப் பிரசாரம். நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்பது ஒன்று. 'வெள்ளைக்காரர் வந்தால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வரும். நல்லதுதானே' என்பது மற்றொன்று.

இரண்டுமே சரியல்ல. உலகத் தொழிலாளர் ஒன்றுபட வேண்டும் என்று சொல்லுகிற நாம், பிற தேசத்து மக்களைக் கண்டு கதவைச் சாத்த முடியாது. அதே சமயம், வந்தவர் பேச நம் பிள்ளை கை தட்டிவிட்டு வீட்டுக்கு வருவது கலாசாரப் பரிமாற்றம் ஆகாது. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாங்க வேண்டும். சந்தையில் தக்காளி விற்கிற கிழவிக்குக்கூடத் தெரிந்த நியாயம் இது.

ஆகவே, 'வெளிநாட்டார் வரலாமா, கூடாதா?' என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. 'வருகிறவர் எதற்காக வருகிறார்? யாரிடம் வருகிறார்? நம் பிள்ளை அவரிடம் கேள்வி கேட்க முடியுமா?' இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

மணலில் எழுதிய பாடம்

சங்ககிரி மலைக்கோட்டைக்கு வெளிநாட்டான் ஒரு காலத்தில் விருந்தாளியாக வரவில்லை. கம்பெனியின் சிப்பாய்களோடு வந்தான். 1805ஆம் வருஷம் தீரன் சின்னமலையை அந்தக் கோட்டையில்தான் தூக்கிலிட்டான். இன்றும் ஆடிப் பெருக்கு அன்று ஜனங்கள் அதை நினைத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டாரைப் பற்றி நமது மண்ணுக்கு இருக்கும் ஞாபகம் அப்படிப்பட்டது.

ஆனால் வந்தவர் எல்லோரும் கயிற்றோடு வரவில்லை. நம்மிடம் பாடம் கேட்க வந்தவரும் உண்டு. 1706ஆம் வருஷம் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார், ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். மதம் பரப்ப வந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆயினும் படிக்கப் படிக்க, நம் ஜனங்களின் தெய்வங்களையும் வழக்கங்களையும் பற்றி விவரமாக எழுதி 1713இல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். என்ன நடந்தது? 'அங்கே இருக்கும் மதத்தை அழிக்கத்தான் உம்மை அனுப்பினோம்; அதை இங்கே பரப்புவதற்கு அல்ல' என்ற தோரணையில் அவருடைய எஜமானர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். அந்த நூல் வெளிவந்தது 1867இல்! 154 வருஷம் பெட்டியில் கிடந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. விருந்தாளி நல்லவராக இருக்கலாம். அவரை அனுப்பியவன் யார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியே பார்க்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம். 1789இல் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நமது திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். அந்த முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகள் 'மதராஸ் முறை' என்ற பெயரில் நடந்தன. ஸ்காட்லாந்தில் 'மதராஸ் காலேஜ்' என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

இங்கிலாந்து முதலாளிகளுக்கு இந்த முறை ஏன் பிடித்தது? ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடக்கி உட்காரவைக்கலாம் என்பதற்காக! ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவு பிடிக்கும் படிப்பு வேண்டாம், எழுத்தும் கணக்கும்கூட எல்லோருக்கும் அவசியமில்லை என்பது பெல்லின் அபிப்பிராயம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியிலும் சேரிப் பிள்ளைக்கு இடம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். கலாசாரம் கப்பலேறிப் போனாலும், வந்தாலும், அதைக் கையில் எடுக்கிற வர்க்கம் எது என்பதைப் பொறுத்தே அதன் பலன் அமைகிறது.

திருவனந்தபுரத்துப் பள்ளியில் நடந்தது

வெளிநாட்டு விருந்தாளி பள்ளிக்கூடத்துக்கு வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959 பிப்ரவரியில் தம் மனைவியோடு இந்தியாவுக்கு வந்து ஒரு மாத காலம் சுற்றினார். தமிழ்நாட்டில் காந்திகிராமத்துக்கு வந்தார். திருவனந்தபுரத்துக்கும் போனார். அப்போது கேரளத்தில் தோழர் இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை நடந்துகொண்டிருந்தது. அங்கே தாழ்த்தப்பட்ட ஜாதிப் பிள்ளைகள் படித்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அவரை அழைத்துப் போனார்கள்.

பள்ளித் தலைமை ஆசிரியர் பிள்ளைகளிடம் விருந்தாளியை எப்படி அறிமுகப்படுத்தினார் தெரியுமா? பெரிய பட்டதாரி என்றோ, உலகப் புகழ் பெற்றவர் என்றோ சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று சொன்னார்!

கேட்டதும் கிங்குக்குச் சுருக்கென்றது. தன்னைப் போய் இப்படிச் சொல்கிறாரே என்று நினைத்தார். பிறகு யோசித்தார். தம் நாட்டில் 2 கோடி கறுப்பின மக்கள் வறுமையிலும் நெரிசலான சேரிகளிலும் அடைபட்டுக் கிடப்பதை நினைத்தார். ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான். என் நாட்டில் இருக்கும் கறுப்பர் எல்லோருமே தீண்டத்தகாதவர்கள்தான் என்று உணர்ந்தார். இதை நாம் கட்டிச் சொல்லவில்லை. 1965 ஜூலை 4ந் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, அட்லாண்டா நகரத்துத் தம் தேவாலயத்தில் அவரே பிரசங்கமாகச் சொன்ன விஷயம் இது.

பாருங்கள்! அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் யாருக்குப் பாடம் சொன்னார்கள்? பிள்ளைகள், கடலுக்கு அப்பாலும் தங்களைப் போல் ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் போராடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். விருந்தாளியோ, தன் நாட்டைத் தானே புதிதாகப் பார்த்தார். இதற்குப் பெயர்தான் பரிமாற்றம். இதற்குக் காசு செலவில்லை, மேடை இல்லை, தோரணம் இல்லை. நேராகச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அந்த மனிதர் எப்படி இறந்தார் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1968இல் மெம்பிஸ் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில், ஏப்ரல் 4ந் தேதி, கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். குப்பை அள்ளுகிறவனுக்காக உயிரைக் கொடுத்தவர் அவர். நம் நாட்டில் என்ன நிலைமை? 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் செய்த வழக்கில் தலைமை ஆசிரியை கைதானார். இப்படிப்பட்ட பள்ளிக்கு வெளிநாட்டு விருந்தாளி வந்தால், மாலை போடும் வரிசையில் யாருடைய பிள்ளை நிற்கும்? முற்றம் கூட்டும் வரிசையில் யாருடைய பிள்ளை நிற்கும்? கேட்க வேண்டாமா?

கோதுமைக் கப்பலும் சமாதானப் படையும்

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு.

1961இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 'சமாதானப் படை' என்று ஒன்றைத் தொடங்கினார். அதன் சட்டத்திலேயே மூன்று நோக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஏழை நாடுகளுக்குத் தேர்ச்சி பெற்ற ஆட்களைக் கொடுப்பது ஒன்று. அமெரிக்கரைப் பற்றி மற்ற ஜனங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ளச் செய்வது இரண்டு. மற்ற ஜனங்களைப் பற்றி அமெரிக்கர் தெரிந்துகொள்ளச் செய்வது மூன்று. அந்த வருஷமே இந்தியாவுக்கு முதல் கோஷ்டி வந்தது. கோழி வளர்ப்பு, விவசாயம், பள்ளிக்கூடம், சுகாதாரம் என்று பல வேலைகளில் அவர்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 68ஆம் வயதில் 1966இல் வந்து, பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்பில் நர்ஸாக வேலை பார்த்தார். அந்த அம்மாளைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

ஆனால் அதே வருஷங்களில் அந்த நாட்டு சர்க்கார் என்ன செய்தது? 1965, 66இல் இந்தியாவில் பெரும் வறட்சி. பி.எல். 480 என்ற சட்டத்தின்கீழ் அமெரிக்கக் கோதுமை வந்துகொண்டிருந்தது. வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது என்பதும் ஒரு காரணமாக, ஜனாதிபதி ஜான்சன் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில் அளந்து விடச் சொன்னார். கப்பல் வருமா வராதா என்று டில்லி காத்துக் கிடந்தது. ஒரு கையால் 'சமாதானப் படை'. மறு கையால் வியட்நாமில் 5 லட்சத்துக்கு மேல் பட்டாளம்! 1971இல் வங்கதேசப் போரின்போது ஏழாவது கப்பற்படையின் ஒரு பிரிவை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு சமாதானப் படைக்காரர்கள் குறைந்துகொண்டே போய், 1976இல் இந்தியாவில் அந்த வேலை முடிந்தது.

இலவசமாகக் கோதுமை கொடுத்தார்கள் என்று சிலர் இன்றும் நினைக்கிறார்கள். பெரும்பகுதிக்கு நாம் ரூபாயில் விலை கொடுத்தோம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் மலை போல் குவிந்தது. 1974இல் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தபோது எழுதிய செக் 1,664 கோடி ரூபாய்க்கு! அந்தக் காலத்தில் அது உலகத்திலேயே பெரிய செக் என்று பேசப்பட்டது.

நம் பள்ளிக்கூடத்து மதிய உணவின் கதையும் இதுதான். காமராஜர் ஆட்சியில் 1956இல் அந்தத் திட்டம் தொடங்கியது. ஊர் ஜனங்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும் அது நடந்தது. 'கேர்' என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் பால் பவுடரும் சோள மாவும் எண்ணெயும் 1961 முதல்தான் வந்தன. அந்த மாவுக் கஞ்சியைக் குடித்த கிழவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். குடித்த பசிக்கு நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் நிலைத்தது எது? 1982இல் மாநில சர்க்காரே சத்துணவைப் பெரிய அளவில் எடுத்து நடத்தியது. 2022இல் காலை உணவும் வந்தது. விருந்தாளி கொண்டுவந்த மாவு நின்றுவிட்டது; நம் சொந்த வரிப்பணத்தில் நடப்பது நிற்கவில்லை. விருந்தாளி கையை நம்பிப் பிள்ளைக்குச் சோறு போட முடியாது, கலாசாரமும் அப்படித்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. சமாதானப் படையில் போய்த் திரும்பிய அமெரிக்க இளைஞர் பலர், தாங்கள் பார்த்த ஏழை நாடுகளின் உண்மையைச் சொந்த நாட்டில் போய்ச் சொன்னார்கள். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்தார்கள். 1970 மே மாதம் வாஷிங்டனில் சமாதானப் படை ஆபீஸையே பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள்! அமெரிக்க ஏகாதிபத்தியம் வேறு, அமெரிக்க ஜனங்கள் வேறு என்று நாம் சொல்வது வெறும் கோஷமல்ல. இதுதான் அதற்கு சாட்சியம்.

காங்கயத்துக்கு வந்த பெண்

நமது கொங்கு வட்டாரத்திலேயே நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். 1964இல் பிரெண்டா பெக் என்ற இளம் பெண் ஆராய்ச்சி செய்வதற்காகக் காங்கயத்துக்கு அருகே ஓலப்பாளையம் என்ற கிராமத்துக்கு வந்தார். இரண்டு வருஷம் அந்த ஊரிலேயே குடியிருந்தார். உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை, பொன்னர் சங்கர் கதையை, 1965இல் ஒலிநாடாவில் பதிவு செய்தார். கொங்கு நாட்டு ஜாதி முறையைப் பற்றி 1972இல் புத்தகம் எழுதினார். பிறகு கனடாவில் அந்தக் கதையை 26 பாகங்கள் கொண்ட சித்திரப் படத் தொடராகச் செய்தார். அந்நாட்டுப் பள்ளிகளில் சொல்வதற்கும் வழி செய்தார். நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கேட்ட கதையைக் கனடாவில் பிள்ளைகள் கேட்கிறார்கள்!

இது நல்ல காரியம். ஒரு வாரம் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவருக்கும், இரண்டு வருஷம் கூடவே இருந்து கேட்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது. ஆனால் நமது கேள்வியும் இருக்கிறது. அந்தக் கதையில் பண்ணைக்கார அண்ணன் தம்பிகளுக்காக முன்னால் நின்று பாடுபட்டவன் சாம்புகன். அவன் எந்த ஜாதி? வயலில் வேலை செய்தவர்கள் யார்? கதையின் பெருமை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? கனடாப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதற்கு முன்னால் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும். சொந்தக் கலாசாரத்தைக் கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை, பிறர் கலாசாரத்தைக் கண்டு வாயைப் பிளக்கும் அல்லது காறித் துப்பும். இரண்டும் அறியாமைதான்.

நமக்கு வேண்டிய நாட்டிலிருந்து வந்தாலும் இதே விதிதான். சோவியத் யூனியன் இருந்த காலத்தில் தமிழில் அச்சிட்ட புத்தகங்கள் மாஸ்கோவிலிருந்து வந்தன. கூலிக்காரன் வாங்கக்கூடிய விலையில் டால்ஸ்டாயும் கார்க்கியும் விஞ்ஞானப் புத்தகங்களும் நம் ஊர்ப் படிப்பகங்களுக்கு வந்து சேர்ந்தன. மாஸ்கோ சர்வகலாசாலையில் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி போன்ற அறிஞர்கள் நம் சங்க இலக்கியத்தை ஆயுள் முழுதும் படித்தார்கள். அவர் 2020இல் கொரோனாவில் காலமானார். தன் மொழியில் பேசு என்று நம்மை அதட்டாமல், நம் மொழியைக் கற்றுக்கொண்டு வந்த நாடு அது. அந்த மரியாதையை மறக்க மாட்டோம். ஆனால் 1991இல் அந்த யூனியன் ஏன் கலைந்தது என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், 'உட்கார்' என்று சொல்லக் கூடாது. கேள்விக்குப் பயப்படுகிற நட்பு நட்பல்ல.

நம் பிள்ளை என்ன கேட்க வேண்டும்?

விருந்தாளி கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றியும் பனிமழையைப் பற்றியும் சொல்லட்டும். பிள்ளைகள் ஆசையோடு கேட்கட்டும். பிறகு நம் பிள்ளை எழுந்து கேட்க வேண்டும்: 'உங்கள் ஊரில் துணி ஆலை உண்டா? தொழிலாளிக்கு என்ன சம்பளம்? எட்டு மணி நேரந்தானா, பன்னிரண்டு மணி நேரமா? சங்கம் உண்டா? ஆஸ்பத்திரிக்குக் காசு வாங்குகிறார்களா? வயலில் காய்கறி பறிப்பது யார்? அவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள்?'

அமெரிக்காவிலிருந்து வந்தவரானால் இன்னும் ஒன்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் அந்த நாட்டு சர்க்கார் இந்தியச் சரக்குகளின்மேல் 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூர், கரூர் பக்கத்துத் துணித் தொழில் ஆட்டம் கண்டது. 'எங்கள் அப்பா தைத்த பனியனுக்கு ஏன் அவ்வளவு வரி போட்டீர்கள்?' என்று கேட்கலாம். விருந்தாளி அந்த வரியைப் போட்டவர் அல்ல. ஆயினும் ஊருக்குத் திரும்பிப் போய் அந்தக் கேள்வியைச் சொல்லுவார் அல்லவா?

கேட்பது மட்டும் அல்ல, கொடுப்பதற்கும் நம் பிள்ளையிடம் சரக்கு இருக்கிறது. மே தினம் எங்கே பிறந்தது? 1886இல் அமெரிக்காவில், சிகாகோ நகரத் தொழிலாளர் சிந்திய ரத்தத்தில். அந்த நாட்டிலேயோ தொழிலாளர் தினம் என்று சர்க்கார் விடுமுறை விடுவது செப்டம்பர் மாதத்தில்! சென்னைக் கடற்கரையில் 1923இல் தோழர் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி மே தினம் கொண்டாடினார். ஆகவே அமெரிக்க விருந்தாளியிடம் நம் பிள்ளை சொல்லலாம்: 'உங்கள் தேசத்துக் கலாசாரத்தில் சிறந்த பண்டிகை ஒன்றை நாங்கள் நூறு வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறோம். நீங்கள் மறந்துவிட்டால் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்!'

வாசலில் நிற்கும் விருந்தாளி

தூர தேசத்திலிருந்து விமானத்தில் வருகிற விருந்தாளியைப் பற்றி இவ்வளவு பேசினோம். ரயிலில் வந்து இறங்கி, நம் வாசலிலேயே நிற்கிற விருந்தாளியைப் பற்றி யார் பேசுவது?

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளுக்குப் போய்ப் பாருங்கள். நூற்பாலைகளையும் கோழிப் பண்ணைகளையும் செங்கல் சூளைகளையும் பாருங்கள். ஒரிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் வேலை செய்கிறார்கள். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள் எங்கே? சிலர் பள்ளியில் இருக்கிறார்கள். வாத்தியார் சொல்வது விளங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பலர் பள்ளிக்கே வரவில்லை. சூளை ஓரத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009இல் சட்டம் போட்டாயிற்று. 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. எந்த மாநிலத்துப் பிள்ளை என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

அந்தப் பிள்ளைகளிடம் கலாசாரம் இல்லையா? ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தால் ஜாதிப் பிள்ளையைக் கேளுங்கள். அவர்களுடைய சந்தாலி மொழிக்கு ரகுநாத் முர்மு என்பவர் 1925 வாக்கில் தனி எழுத்தே உண்டாக்கிக் கொடுத்தார். 1855இல் சித்து, கானு என்ற சகோதரர்களின் தலைமையில் சந்தால் ஜனங்கள் ஜமீன்தாரையும் வட்டிக்காரனையும் கம்பெனியையும் எதிர்த்து எழுந்தார்கள். இங்கே சங்ககிரிக் கோட்டையில் சின்னமலையைக் கொன்ற அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான், 50 வருஷத்துக்குப் பிறகு அங்கே சித்துவையும் கானுவையும் கொன்றது. நம் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இந்த இரண்டு கதைகளையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், அதைவிடப் பெரிய கலாசாரப் பரிமாற்றம் என்ன இருக்கிறது?

இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2023 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுங்கின. பீகார் சர்க்காரின் குழு நேரில் வந்து விசாரித்துப் போயிற்று. அது பொய் என்று தெரிந்தது. பொய் ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது? நமக்கு அவர்களையும் தெரியாது, அவர்களுக்கு நம்மையும் தெரியாது என்பதால்தான்! பக்கத்துத் தறியில் நிற்பவன் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. 'ஹிந்திக்காரன்' என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். 'அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், உனக்கு வேலை இல்லை' என்று நம்மிடம் சொல்கிற முதலாளி, 'உள்ளூர்க்காரன் உன்னை அடிப்பான், சங்கத்தில் சேராதே' என்று அவனிடம் சொல்கிறான். இரண்டு பக்கமும் கூலியைக் குறைக்க ஒரே தந்திரம்.

இந்த மண்ணுக்கு வேறு ஒரு பாரம்பரியம் உண்டு. 1950 பிப்ரவரி 11ந் தேதி சேலம் சிறையில் சுடப்பட்டுச் செத்த கம்யூனிஸ்ட் தோழர்கள் 22 பேர். அவர்களில் பெரும்பாலோர் மலபாரிலிருந்து வந்த மலையாளி விவசாயிகள். தமிழ்த் தோழர்களும் அவர்களோடு விழுந்தார்கள். மொழி வேறு, சோறு வேறு, பாட்டு வேறு. ரத்தம் ஒரே தரையில் ஓடியது. அந்த 22 பேரைப் பெற்ற சேலத்து மண்ணில், ஒரிசாத் தொழிலாளியின் பிள்ளை அந்நியன் ஆகலாமா?

செய்ய வேண்டியது

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அந்த நாற்காலிகளில் நாம் உட்கார வேண்டும். உட்கார்ந்து கேட்க வேண்டியவை இவை:

வெளிநாட்டு விருந்தாளிகள் பணக்காரப் பள்ளிகளுக்கு மட்டும் அல்ல, கிராமத்து அரசுப் பள்ளிகளுக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் வர ஏற்பாடு செய்ய வேண்டும்.

அவர்கள் பேசுவதைத் தமிழில் ஆசிரியர் விளக்க வேண்டும். பிள்ளைகள் தமிழில் கேட்கும் கேள்விகளை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாதி நேரம் கேள்விக்கு விட வேண்டும்.

வரவேற்புக்கென்று பெற்றோரிடம் வசூல் கூடாது. புது உடை வாங்கு என்று நிர்ப்பந்திக்கக் கூடாது. விருந்தாளி பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து சத்துணவைச் சாப்பிடட்டும். ஏழைப் பிள்ளையின் கிழிந்த சட்டையைப் படம் பிடித்து வெளிநாட்டில் நன்கொடை திரட்டுகிற வேலைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

நம் ஊர்க் கலைஞர்களும் உழைப்பாளிகளும் வகுப்புக்கு வர வேண்டும். உடுக்கைப் பாட்டுக்காரர், பறை அடிப்பவர், தறி நெய்பவர், காஷ்மீர் வரை வண்டி ஓட்டிய சங்ககிரி லாரி டிரைவர் இவர்களெல்லாம் கலாசாரத் தூதர்கள் அல்லவா? எத்தனை மாநிலத்துச் சோற்றைத் தின்றவர், எத்தனை மொழியில் வழி கேட்டவர் அந்த டிரைவர்!

எல்லாவற்றுக்கும் மேலாக, வெளி மாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளை ஒருவர் விடாமல் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கத் தனி ஆசிரியர் வேண்டும். மாதம் ஒரு நாளாவது அவர்கள் தங்கள் மொழியில் பாட, கதை சொல்ல, மற்றப் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

மே 1ந் தேதி எல்லாக் கிராமங்களிலும் கிராம சபை கூடுகிறது. ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! அன்று செங்கொடி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கிராம சபையில் போய் உட்காருங்கள். நமது ஊரில் பள்ளிக்கு வராத வெளி மாநிலப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்குக் கேளுங்கள். அவர்களைச் சேர்க்கத் தீர்மானம் போடுங்கள். அந்தக் கூட்டத்துக்குச் சூளையிலிருந்தும் தறிப்பட்டறையிலிருந்தும் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.